பெண்கள் பிரிவை ரத்து செய்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று சொல்லாதீர்கள்

தமிழ்நாட்டில் மாவட்ட, மாநில அளவிலான செஸ் போட்டிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் அமைப்பாளர்களுக்கும்,

நான் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவள். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த காலத்தில் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன். அண்மையில் பக்கத்து மாவட்டம் ஒன்றில் நடந்த 15 வயதுக்குட்பட்டோர் போட்டிதான் இந்த மடலை எழுதவைத்தது. சுற்றறிக்கையில் ஆண், பெண் யாரும் ஆடக்கூடிய ஓபன், பெண்களுக்கு மட்டுமான பெண்கள் பிரிவு என இரண்டு பிரிவுகள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே நுழைவுக் கட்டணம். பெண்கள் பிரிவுக்கென்று தனியாக ரொக்கப் பரிசும் அறிவித்திருந்தார்கள். அதை நம்பித்தான் என் மாணவிகளின் வீட்டில் பணம் கட்டினார்கள். இருட்டோடு பஸ் ஏறிப் போய் இறங்கினால், மண்டப வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. போதிய பதிவு இல்லாததால் பெண்கள் பிரிவு ஓபனுடன் இணைக்கப்படுகிறது, சிறந்த வீராங்கனைக்கு ஒரு கோப்பை உண்டு. அவ்வளவுதான். இலை போட்டு உட்காரவைத்துவிட்டு எழுப்பிவிட்டதைப் போல இருந்தது.

கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். அது வழக்கமில்லை என்றார்கள். பெண்கள் பிரிவுக்கு ஒதுக்கிய பரிசுப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. கடைசியில் ஒருவர் சொன்னார்: “ஓபன்ல ஆடுறது பொண்ணுங்களுக்கு நல்லதுதானே மேடம், ஸ்ட்ராங்கா வருவாங்க.”

அந்தப் பதிலைத்தான் என்னால் பேசாமல் விழுங்கிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அதில் பாதி உண்மை.

பெண் பிள்ளைகள் ஓபனில் ஆட வேண்டும் என்று என் மாணவிகளின் பெற்றோரிடம் மன்றாடிக்கொண்டிருப்பவளே நான்தான். பெண்களுக்கு மட்டும் தரப்படும் மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2300 ரேட்டிங் (ஆட்ட முடிவுகளை வைத்துக் கணக்கிடும் திறன் புள்ளி) போதும், செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேண்டும். பெண்களோடு மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால் அந்த இருநூறு புள்ளிகளைக் கடப்பது பெரும்பாடு. ஹங்கேரியின் ஜூடித் போல்கர் பெண்களுக்கான உலகச் சாம்பியன் போட்டியை நாடாமல் ஓபன் போட்டிகளிலேயே ஆடி வளர்ந்தவர். 2005-இல் ஆண், பெண் எல்லாரையும் சேர்த்த தரவரிசையில் உலகின் எட்டாம் இடத்தைப் பிடித்தார். 2002-இல் மாஸ்கோவில் ஒரு ரேப்பிட் (குறைந்த நேர) ஆட்டத்தில், அன்று உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த காஸ்பரோவையே வென்றார். நம் நாட்டிலும் 1976-இல் ரோகிணி காடில்கர் ஆண்களின் தேசியப் போட்டியில் இறங்கி ஆடினார். அதற்கு எழுந்த எதிர்ப்பு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பெண்களைத் தேசியப் போட்டிகளிலிருந்தும் சர்வதேசப் போட்டிகளிலிருந்தும் விலக்கக் கூடாது என்று அன்றைய உலகச் செஸ் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே சொல்ல வேண்டியிருந்தது.

இவர்கள் எல்லாரும் தாமே விரும்பி ஓபனுக்குப் போனவர்கள், அதற்கென்று ஆயத்தமானவர்கள். ஓபனில் ஆடப்போகிறோம் என்று தெரிந்தால் அதற்கேற்ப என் மாணவியைத் தயார் செய்திருப்பேன். பெண்கள் பிரிவில் முதல் மூன்று இடங்களுக்குள் வரலாம் என்ற எண்ணத்தோடு வந்தவளைக் காலை ஒன்பது மணிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பையன்களோடு சேர்த்துப் பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்ற ஜோடி) போட்டுவிட்டு, உன் நன்மைக்குத்தான் என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்? அன்று அவள் மோசமாக ஆடவில்லை. ஓபனில் பரிசு பத்தாம் இடத்தோடு முடிந்தது, அவள் அதற்கு இரண்டு இடம் பின்னால் வந்தாள். அறிவித்தபடி பெண்கள் பிரிவு நடந்திருந்தால் அடுத்த போட்டிக்கான பயணச் செலவு கையில் வந்திருக்கும். அவளைவிட இளைய இன்னொரு மாணவியை இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் அவள் அப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கும் வரவில்லை.

இது ஏதோ ஒரு மண்டபத்தில் நடந்த ஒருநாள் குளறுபடி என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. இந்த ஆட்டத்தில் பெண்கள் எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் தலையில் கைவைக்கும் முடிவுகள் மேல்மட்டத்திலிருந்தே வந்திருக்கின்றன. ஜூடித்தின் அக்கா சூசன் போல்கர் ஆண்களோடு ஆடியே ரேட்டிங் சேர்த்தவர். 1986-இல் உலகச் செஸ் கூட்டமைப்பு பெண் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் 100 புள்ளிகளைக் கூடுதலாகக் கொடுத்தது, அவர் ஒருவரைத் தவிர. ஆண்களோடு ஆடியதால் அவருடைய ரேட்டிங் சரியாகத்தான் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். அடுத்த பட்டியலில் பெண்களின் முதலிடம் அவர் கையைவிட்டுப் போனது. ஓபனில் ஆடியதற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை அது. பெண்கள் பிரிவில் ஆடுகிறவர்களுக்கோ, அது சின்னப் பிரிவு, அதில் ஜெயித்தது ஒரு வெற்றியா என்ற பேச்சு. நம் ஊர்ப் பிள்ளைகளும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்களைப் பாருங்கள். 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் அந்தப் பட்டத்தைப் பெற்றபோது அவர் 88-ஆவது ஆள். அந்த 88 பேரில் பெண்கள் நான்கு பேர்தான்: கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, வைஷாலி ரமேஷ்பாபு, திவ்யா. தமிழ்நாட்டிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் வந்திருக்கிறார்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவர்களில் பெண் வைஷாலி ஒருவர் மட்டுமே.

இங்கே திறமை இல்லாமலா? சென்னையின் விஜயலட்சுமி சுப்பராமன் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர். நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில், 2000-இல் இஸ்தான்புல்லில் அணியின் முதல் போர்டில் ஆடி வெள்ளி வாங்கினார், 2002-இல் பிளெட் ஒலிம்பியாடிலும் வாங்கினார். அவர் தங்கை மீனாட்சியும் மகளிர் கிராண்ட்மாஸ்டர். ஆர்த்தி ராமசாமி 1999-இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களில் உலகச் சாம்பியன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இத்தனை பேர் இருந்தார்கள். அந்த வரிசை ஏன் நீளவில்லை என்பதுதான் என் கேள்வி. நீடாமங்கலம் பக்கத்தில் திருப்பூவனூர்க் கோயிலின் தலபுராணத்தில், நாட்டில் யாராலும் சதுரங்கத்தில் வெல்ல முடியாத ஓர் இளவரசி வருகிறாள். அவளோடு ஆடி வெல்லச் சிவபெருமானே கிழவர் வேடத்தில் வர வேண்டியிருந்ததாம். ஒரு பெண் இந்த ஆட்டத்தில் எல்லாரையும் வெல்வாள் என்று கற்பனை செய்ய நம் முன்னோர்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

பெண்களின் மூளைக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று இன்றும் மண்டப வாசலில் டீ குடித்துக்கொண்டே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் சில பயிற்சியாளர்களும் சேர்த்தி. அவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2009-இல் வெளிவந்தது. ஜெர்மனியில் 1,20,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை எடுத்து ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு பெண்ணுக்குப் பதினாறு ஆண்கள் என்ற கணக்கில் ஆடுகிறார்கள். முன்னணி நூறு ஆண்களுக்கும் முன்னணி நூறு பெண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் 96 சதவீதத்தை இந்த எண்ணிக்கை வேறுபாடே விளக்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. பெரிய கூட்டத்திலிருந்து பொறுக்கியெடுக்கும் முதல் நூறு பேர் எப்போதும் வலுவாகத்தான் இருப்பார்கள். இந்தக் கணக்கிடும் முறையைக் கேள்வி கேட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ஆடவரும் பெண்கள் குறைவு என்பதை யாரும் மறுக்கவில்லை. அவர்கள் ஏன் குறைகிறார்கள் என்பதை மண்டபத்தில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும். நான் மண்டபத்தில் இருப்பவள், சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். சின்னவர்களில் கணக்குப் போட்டு ஆடுவதிலும் சரி, தோற்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ரவுண்டுக்குப் போய் உட்காருவதிலும் சரி, எந்த வித்தியாசத்தையும் நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பு வரை இப்படியே போகும். ஏழு, எட்டு வரும்போது ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தியோ இருவரோ மிஞ்சினால் அதிசயம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எல்லாருக்கும்தான். தேர்வு முடிந்ததும் பையன்கள் திரும்பி வருகிறார்கள், பெண்கள் வருவதில்லை.

வீட்டில் கேட்டால் நேராகச் சொல்ல மாட்டார்கள். படிப்பு என்பார்கள், பாட்டு வகுப்பு என்பார்கள். பழகிய பிறகு அம்மாக்கள் உண்மையைச் சொல்வார்கள். வயதுக்கு வந்த பிறகு நான்கு மணி நேர ஆட்டத்துக்கு நடுவில் பிள்ளை எங்கே போவாள் என்பதுதான் பல வீடுகளில் முதல் கேள்வி. நீங்கள் போட்டி நடத்தும் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிகளிலும் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடப்பதை நானே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார். திறந்திருந்தால் தண்ணீர் வராது. நாப்கின் போட ஒரு கூடை இருக்காது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆண் ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) போய் அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடி, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்ட மாணவிகள் எனக்கு இருக்கிறார்கள். அந்தத் தோல்வி அவள் ரேட்டிங்கில் ஏறிவிடும். காரணம் எங்கேயும் ஏறாது.

அடுத்தது துணை. பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் பயிற்சியாளரோடு போய்விடுவார்கள். பெண் பிள்ளை என்றால் அம்மாவோ அப்பாவோ கூடப் போக வேண்டும். மாநிலப் போட்டி பல நாள் நடக்கிறது என்றால் அத்தனை நாள் கூலி போகும், அல்லது லீவு போகும். தங்குமிடம் இரண்டு பேருக்கு, சாப்பாடு இரண்டு பேருக்கு. அப்படிக் கூட வந்த அம்மா நாள் முழுக்க மண்டபத்துக்கு வெளியே மரத்தடியிலோ படிக்கட்டிலோ உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வைஷாலி, பிரக்ஞானந்தா இருவரின் அம்மா நாகலட்சுமி ஊர் ஊராகப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்திருந்ததை எல்லாரும் புகைப்படமாகப் பகிர்ந்து கொண்டாடினோம். அதே வேலையைச் செய்கிற நூற்றுக்கணக்கான அம்மாக்களுக்கு நிழலில் ஓர் இடம் கொடுக்கவில்லை. கடைசி ரவுண்டு தாமதமாகி இரவு எட்டரைக்கு முடிந்தால் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். பையனின் அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெண்ணின் அப்பா இனி வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

பேச்சும் இருக்கிறது. “பொண்ணுகிட்டயா தோத்துட்டு வந்த?” என்று மண்டப வாசலிலேயே பையனை அடிக்காத குறையாகத் திட்டும் அப்பாக்களைப் பார்க்காத பயிற்சியாளர் இருக்க முடியாது. வென்ற பெண் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் பெற்ற வெற்றி அந்த ஒரு வாக்கியத்தில் அவன் வெட்கமாக மாறிவிடுகிறது. ஆர்பிட்டர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உடையைப் பற்றி, உடம்பைப் பற்றி வரும் பேச்சை இங்கே எழுத எனக்கு மனமில்லை. 2024 ஜனவரியில், நெதர்லாந்தில் டாட்டா ஸ்டீல் போட்டி முடிந்ததும், பார்வையாளர்கள் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு உடை, முடி, உச்சரிப்பு இவற்றைத்தான் கவனிக்கிறார்கள் என்று திவ்யா வெளிப்படையாக எழுதினார். அப்போது அவருக்கு 18 வயது. உலக மேடையில் நிற்பவருக்கே அப்படியென்றால், ஒரு தாலுகாப் போட்டியில் யாரிடம் போய்ப் புகார் சொல்வது என்றே தெரியாத பதின்மூன்று வயதுப் பெண் என்ன செய்வாள்? வீட்டில்கூடச் சொல்ல மாட்டாள், சொன்னால் செஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பரிசுத் தொகையைப் பற்றிக் கேட்டால் ஸ்பான்சர் கொடுப்பதில்லை என்கிறீர்கள். உலக அளவிலும் இதே கதைதான், தெரியும். 2023-இல் பாகுவில் ஒரே நேரத்தில் நடந்த உலகக் கோப்பைகளில் ஓபன் வெற்றியாளருக்கு 1,10,000 டாலர், பெண்கள் வெற்றியாளருக்கு 50,000 டாலர். ஆனால் உங்கள் போட்டிகளில் பரிசுப் பணத்தின் பெரும்பங்கு நுழைவுக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. பெண் பிள்ளையிடம் அதே கட்டணத்தை வாங்கிவிட்டு, அந்தப் பணத்தைப் பையன்களின் பரிசில் சேர்ப்பதற்கு எந்த ஸ்பான்சர் காரணம்?

கல்யாணமானால் விட்டுவிடப்போகிறார்கள், எதற்கு இவ்வளவு செலவு என்று ஒரு நிர்வாகி என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். 2022-இல் மாமல்லபுரத்தில் நம் மண்ணில் நடந்த ஒலிம்பியாடில் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. ஹம்பி குழந்தை பெற்ற பிறகு 2019-இலும் 2024-இலும் உலக ரேப்பிட் சாம்பியன் ஆனார். 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பெண்கள் அணியும் தங்கத்தோடு திரும்பியது, அதில் வைஷாலியும் இருந்தார். நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் வரைந்து உலகத்தை வரவேற்ற மாநிலம் இது. அந்த உற்சாகத்தில் செஸ் வகுப்பில் வந்து சேர்ந்த சின்னப் பெண்கள் இப்போது சரியாக அந்தக் கழன்றுபோகும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களையும் விட்டுவிட்டால் அடுத்த பத்தாண்டும் இதே எண்களைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சுற்றறிக்கையில் அறிவித்த பெண்கள் பிரிவைப் பதிவு குறைவு என்ற காரணத்துக்காக ரத்து செய்யாதீர்கள். ஆறு பேர் வந்தாலும் அந்த ஆறு பேருக்குள், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஆடும் ரவுண்ட் ராபின் நடத்த முடியும், அது அவர்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. இணைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று நாளுக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிவியுங்கள், விரும்பாதவர்களுக்குக் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள், பெண்களுக்கு அறிவித்த பரிசுகளை ஒன்றுகூடக் குறைக்காமல் பெண்களுக்கே கொடுங்கள். ஓபனில் விரும்பி ஆடும் பெண்ணுக்கு, பெண்களுக்கான மாவட்ட, மாநிலத் தேர்வு வாய்ப்பு பறிபோகாதபடி இரண்டு போட்டிகளையும் வேறு வேறு தேதிகளில் வையுங்கள். ஒரே கட்டணம் வாங்கினால் ஒரே பரிசு. அது முடியாது என்றால் கட்டணத்தைக் குறையுங்கள்.

மண்டபத்தை முன்பதிவு செய்யும் முன் பெண்கள் கழிப்பறையை ஒரு பெண்ணை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர், கூடை, சாவி மூன்றும் இருந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். பெண்கள் ஆடும் ஒவ்வொரு போட்டியிலும் குறைந்தது ஒரு பெண் ஆர்பிட்டர் வேண்டும். போதிய பெண் ஆர்பிட்டர்கள் இல்லை என்பீர்கள். முன்னாள் ஆட்டக்காரர்களும் உடற்கல்வி ஆசிரியைகளும் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆர்பிட்டர் தேர்வுக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். புகார் சொல்ல வேண்டிய பெண்ணின் பெயரையும் கைபேசி எண்ணையும் பேரிங் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். 18 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் கடைசி ரவுண்டு மாலை ஆறு மணிக்குள் முடியும்படி நேரம் குறியுங்கள். மாநில, தேசியப் போட்டிக்குத் தேர்வாகும் பெண் பிள்ளைக்குத் துணையாக வருபவரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் சங்க நிதியில் ஒதுக்கீடு செய்யுங்கள்.

கடைசியாக, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் நடத்திய ஒவ்வொரு வயதுப் பிரிவுப் போட்டியிலும் எத்தனை பெண்கள் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் கடைசி ரவுண்டு வரை ஆடினார்கள், அடுத்த ஆண்டு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. புதிய கல்வியாண்டின் முதல் மாவட்டத் தேர்வுப் போட்டிக்குச் சுற்றறிக்கை விடும் முன் அந்தக் கணக்கையும், மேலே கேட்டவற்றில் எவற்றை எப்போது செய்வீர்கள் என்ற பதிலையும் எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செஸ் பயிற்சியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்